மிஸ்டர் பேட்லியின் ஆர்2-டி2 கோப்புகள்: 14 மாதம் கட்டி முடித்த பிறகு எழுதும் விமர்சனம்

"அந்த ரோபோவை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு ஆச்சு" என்று போன மாதம் மட்டும் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாங்கியது கிடையாது, வீட்டு கராஜில் கட்டியது. ஸ்டார் வார்ஸ் படங்களில் வருகிற ஆர்2-டி2, படத்தில் இருக்கிற அதே அளவு. இதற்கான 3டி பிரிண்ட் கோப்புகளை மிஸ்டர் பேட்லி என்ற பெயரில் இயங்கும் வடிவமைப்பாளர் பேட்ரியான் என்ற இணையதளத்தில் தருகிறார், மாதச் சந்தா கட்டினால் இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்புகள் எப்படி, அவற்றை ஓடுகிற ரோபோவாக ஆக்க வேறு என்னென்ன வாங்க வேண்டியிருந்தது, எதில் பணம் வீணானது, எதில் இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம், இவ்வளவும் இந்த விமர்சனத்தில் உண்டு.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு: கோப்புகள் சந்தாப் பணத்துக்குப் பல மடங்கு தகும். ஆனால் மற்ற செலவை எங்கே போடுவது என்பதில் என் கருத்து, கட்டுகிறவர்கள் பலர் சொல்வதற்கு மாறானது. தலைக்கும் குரலுக்கும் முதலில் போடுங்கள். மூன்றாவது கால் தானாக இறங்கி ஏறுகிற வித்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது லண்டனில் ஹாரோ பக்கம். இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் போரம்வுட், அங்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ. 1977-இல் வந்த முதல் படத்தின் பாலைவனக் காட்சிகளைத் துனிசியாவில் எடுத்துவிட்டு, அரங்கக் காட்சிகளை 1976-இல் அங்கேதான் எடுத்தார்கள். ஹாலிவுட் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று நாம் காய்கறி வாங்கப் போகிற வழியில் நடந்திருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் இந்த ஆசை எனக்கு உறுதிப்பட்டது. அந்தப் படத்தில் அரங்கப் பொருட்களைப் பார்த்துக்கொண்ட ரோஜர் கிறிஸ்டியன், முதல் மாதிரியை எப்படி உருவாக்கினார்கள் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒட்டுப்பலகையில் உடம்பு, பழைய விளக்கு ஒன்றின் மேல்மூடி தலை. தலையில் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் ஹோலோ புரொஜெக்டர், பயணிகள் விமானத்தில் சீட்டுக்கு மேலே இருக்கும் வாசிப்பு விளக்கின் உதிரி. அந்தக் கலைக் குழுவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. மூல ரோபோவே கைக்குக் கிடைத்ததை ஒட்டி உருவாக்கியதுதான், அப்புறம் நம் வீட்டு கராஜில் ஏன் முடியாது என்று எனக்குத் தைரியம் கொடுத்தது இந்த விஷயம்தான்.

வீட்டில் ஆர்2 கட்டுவது புதிது கிடையாது. ஆர்2 கட்டுபவர்களுக்கான கிளப் 1999-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இன்று பல நாடுகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2013-இல் ஜெர்மனியில் நடந்த ரசிகர் விழாவில் அவர்களுடைய ரோபோக்களைப் பார்த்த தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி, பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு பேரை அடுத்த படத்துக்கு ஆர்2 செய்யவே வேலைக்கு எடுத்துக்கொண்டார். லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ். 2015-இல் வந்த படத்தில் நீங்கள் பார்த்த ஆர்2 அவர்கள் கைவண்ணம். வீட்டில் பொழுதுபோக்காக ஆரம்பித்தவர்களின் வேலை திரையில் வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

அந்தக் காலத்தில் கட்டியவர்கள் அலுமினியத்தைக் கடைந்தார்கள், இல்லையென்றால் மரத்தையும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டையும் அறுத்து ஒட்டினார்கள். அலுமினியத்தில் செய்தால் பல ஆயிரம் பவுண்டு ஆகும். 3டி பிரிண்டர் வீட்டுக்குள் வந்த பிறகு கதை மாறியது. பேட்லியின் கோப்புகள் இவ்வளவு பிரபலமானதற்கு அதுதான் காரணம்.

சரி, கோப்புகளுக்கு வருவோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டி வந்து இறங்கும், உள்ளே திருகாணி முதல் மோட்டார் வரை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. கிடைப்பது வெறும் கோப்புகள். பிரிண்டர் உங்களுடையது, பிளாஸ்டிக் உங்களுடையது, உழைப்பு முழுக்க உங்களுடையது. அப்படிப் பார்த்தால் கைக்கு வருவது ஒரு தச்சர் போட்டுத் தந்த அளவுத் தாள் மாதிரி. ஆனால் அந்த அளவு எவ்வளவு நுணுக்கமானது! தலையில் உள்தோடு தனி, வெளித்தோடு தனி. நீலப் பலகைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாகம், அதனால் அந்தந்த நிறத்தைத் தனியாக அடித்துக் காயவைத்து மாட்டலாம், பின்னால் ஆசை வந்தால் ஒரு சின்ன சர்வோ மோட்டார் வைத்துத் திறந்து மூடவும் செய்யலாம். முன்பக்கம் மடிந்திருக்கும் இரண்டு கைகள், காற்றுத் துவாரங்கள், நாணயம் போடுகிற துளை மாதிரி இருக்கும் அந்தக் கீற்றுகள், கணுக்காலில் இருக்கிற உருளைகள், பாதத்தின் பக்கவாட்டில் தொங்குகிற பேட்டரிப் பெட்டிகள், எல்லாமே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒப்பிட்டால் பொருந்துகிறது. நான் அப்படிப் பல இரவு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

என் பிரிண்டரின் மேடை 30 சென்டிமீட்டர் சதுரம். கால், உடல் எல்லாம் துண்டு துண்டாகப் பிரிந்து வருவதால் சிக்கலில்லாமல் அடங்கியது. துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி ஒரு தாள் நுழைகிற அளவுதான். முதல் இரண்டு உடல் துண்டுகளைக் கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தபோது 'டக்' என்று உட்கார்ந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்கவே மறுநாள் காலையில் இன்னொரு முறை சேர்த்துப் பார்த்தேன்.

பொருளாக நான் எடுத்தது பெரும்பாலும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். விலை குறைவு, எளிதாகப் படியும், உப்புத்தாளுக்கு நன்றாக இழையும். ஒரே ஆபத்து வெப்பம். 60 டிகிரியை நெருங்கினால் பிஎல்ஏ தளர ஆரம்பிக்கும், கோடை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்த அளவு சூடு சாதாரணமாக வரும். விழாக்களுக்குக் காரில் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் மோட்டார் பொருந்தும் இடங்களையும் காலின் சுமை தாங்கும் பாகங்களையும் வெப்பம் கூடுதலாகத் தாங்கும் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் அடியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஊரில் சென்னை, மதுரை வெயிலில் கட்ட நினைப்பவர்கள் முழுவதையுமே பிஇடிஜியில் அடிப்பது நல்லது.

இங்கே என் பிரச்சினை நேர் எதிர். டிசம்பரில் கராஜுக்குள் 6 டிகிரி. இடது காலின் பெரிய துண்டு 19 மணி நேரம் ஓடியபின், மூலைகள் மேடையிலிருந்து எழும்பி, நடுவில் அடுக்கு அடுக்காகப் பிளந்து நின்றது. இது கோப்பின் குறை கிடையாது, குளிர்காற்று. பிரிண்டரைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து நாலு பக்கமும் அட்டைப் பெட்டியால் மூடியதும் சரியாகிவிட்டது. மூன்று மாதம் அதன் சத்தத்தோடுதான் நாங்கள் சாப்பிட்டோம், மனைவி ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இன்னொரு நஷ்டம், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு விற்பனையாளரிடம் மொத்தமாக எட்டுச் சுருள் பிளாஸ்டிக் இழை வாங்கியது. ஈரம் ஏறிய பிளாஸ்டிக், பிரிண்ட் ஆகும்போது படபடவென்று பொரிந்து மேற்பரப்பு முழுக்கக் கொப்புளம். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இப்போது எந்தச் சுருளைத் திறந்தாலும் முதலில் காயவைத்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

மொத்தம் 31 சுருள், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. பிரிண்டர் ஓடியது சுமார் 1,900 மணி நேரம். கேட்கும்போது இதுதான் பெரிய வேலை மாதிரித் தோன்றும். இல்லவே இல்லை. பிரிண்டர் தானாக ஓடும், நாம் தூங்கலாம். நம் கையை உரிக்கிற வேலை அதற்குப் பிறகு வருவது.

பிரிண்ட் ஆன பாகத்தில் விரலை வைத்தால் வரிவரியாகத் தட்டுப்படும். அதை மறைத்தால்தான் உலோகம் மாதிரித் தெரியும். 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, பட்டி பார்த்து, ஃபில்லர் பிரைமர் அடித்து, 240, மறுபடி பிரைமர், 400 நம்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. கார் டிங்கரிங் பட்டறையில் நடக்கிற அதே வேலை, அதே வரிசை. உடல் உருளைக்கு மட்டும் எனக்கு ஒன்பது வார இறுதிகள் போயின. தலை அதைவிட மோசம், அரைக்கோளத்தில் எங்கேயும் தட்டையான இடம் கிடையாது, கை அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் பள்ளம் விழும், விழுந்த பள்ளம் பிரைமரில் தெரியாது, வெள்ளிப் பெயின்ட் அடித்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தலையை மூன்று முறை முழுக்கச் சுரண்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள்: நல்ல சுவாச முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற 2கே வார்னிஷில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, சாதாரண முகமூடி அதற்குப் போதாது. நான் அதைத் தொடவே இல்லை. கராஜில் சாதாரண அக்ரிலிக் வார்னிஷோடு நிறுத்திக்கொண்டேன்.

நீலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்2-வின் நீலம் ஒரே நீலம் கிடையாது. வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் கொஞ்சம் ஊதா கலந்த மாதிரி, அடியில் இருக்கும் உலோகம் மினுக்குவது மாதிரி. முதல் படத்தில் விண்கலத்தின் முதுகில் உட்கார்ந்து போகிற காட்சிகளில் அது கறுப்பாகத் தெரியும், நீலத் திரைக்கு முன்னால் படம் பிடித்ததால் வந்த வினை. கடையில் கிடைக்கும் சாதா நீல ஸ்ப்ரேயை அடித்தால் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது, அடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் எனக்கு ஒத்துவந்தது, பளபளக்கும் வெள்ளி அடித்தளம், அதன்மேல் ஒளி ஊடுருவும் ஊதா மெல்லிசாக ஒரு கோட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம் மூன்று கோட்டு. காய்ந்த பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சரியாக அந்த நீலம்.

பிளாஸ்டிக் தலைக்கு ஓர் எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான விமர்சனம் ஆகாது. என்னதான் தேய்த்தாலும் வெள்ளிப் பெயின்ட், கடைந்தெடுத்த அலுமினியம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பித் தராது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கிட்டே வந்து முகம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அலுமினியத் தலை சின்ன எண்ணிக்கையில் சிலர் செய்து தருகிறார்கள். வரிசையில் என் பெயரையும் கொடுத்துவைத்திருக்கிறேன்.

இனி உள்ளே இருக்கிற இயந்திரம். இரண்டு வெளிக்காலின் பாதங்களிலும் ஒவ்வொரு மோட்டார், நடுப்பாதத்தில் சுழலும் சக்கரம். இடது மோட்டார் ஒரு வேகம், வலது ஒரு வேகம் என்று மாற்றினால் திரும்பும், டாங்கி திரும்புகிற அதே முறை. மின்சார ஸ்கூட்டருக்கான 24 வோல்ட் மோட்டார்களைப் போட்டேன், போதும் போதும் என்கிற அளவுக்கு வலு. பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், விலை அதிகம்தான், ஆனால் எடையும் குறைவு, மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு, வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கால்களுக்குள் மேலிருந்து கீழ் வரை மரை போட்ட இரும்புத் தண்டு கொடுத்து நட்டு போட்டு இறுக்கினேன், பிளாஸ்டிக் மட்டும் எடை தாங்கும் என்று நம்ப வேண்டாம். எல்லாம் சேர்த்து என் ஆர்2 எடை 38 கிலோ.

மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பலகையில் நான் முதலில் சிக்கனம் பார்த்தேன். பெயர் தெரியாத மலிவுப் பலகை ஒன்று, தரையில் விரிப்பின் விளிம்பில் சக்கரம் மாட்டிக்கொண்ட ஒரு நொடியில் புகைந்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கும் சேபர்டூத் 2x32 வாங்கினேன், ஒவ்வொரு மோட்டாருக்கும் 32 ஆம்பியர் வரை தாங்கும். ஐந்து மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. தலையைச் சுற்றும் மோட்டாருக்கு அதே நிறுவனத்தின் சைரன் 10. இரண்டையும் ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை வழியாக எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் கன்ட்ரோலரில் இயக்குகிறேன். அதற்கான பதவான்360 என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது, எழுதியவர்கள் உண்மையிலேயே கொடை செய்திருக்கிறார்கள், கம்பி எதை எதோடு சேர்ப்பது என்பது வரை விளக்கம் உண்டு. ஒன்றே ஒன்று கவனம்: கன்ட்ரோலரின் வயர்லெஸ் ரிசீவர் அசல் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாக இருக்க வேண்டும். அசல் என்று சொல்லி ஒரு இணையக் கடை எனக்குப் போலியைத் தலையில் கட்டியது, நிரலில்தான் தப்போ என்று இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன்.

இப்போது தலை. நான் முதலில் சொன்ன கருத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஆர்2-வுக்கு முகம் கிடையாது. வாய் இல்லை, புருவம் இல்லை, பேச்சு இல்லை. ஆனாலும் அது கோபப்படுகிறது, பயப்படுகிறது, கெஞ்சுகிறது என்று குழந்தைக்கும் தெரிகிறது. எப்படி? தலை திரும்புகிற விதம், அதோடு சேர்ந்து வருகிற குரல், அவ்வளவுதான். முதல் படத்தில் இரண்டு காலில் நின்ற ஆர்2-வுக்குள் கென்னி பேக்கர் இருந்தார், 112 சென்டிமீட்டர் உயரமுள்ள நடிகர். பதற்றத்தில் அது இப்படியும் அப்படியும் தள்ளாடுவது அவர் உள்ளே இருந்து ஆட்டியது. குரலைச் செய்தவர் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். ஏஆர்பி 2600 என்ற சிந்தசைசரின் ஒலியோடு, குழந்தை மழலை பேசுவது மாதிரித் தன் வாயாலேயே எழுப்பிய ஒலிகளையும் கலந்தார். அதனால்தான் அந்த 'பீப்' நமக்கு இயந்திரச் சத்தமாகப் படாமல் யாரோ நம்மிடம் எதையோ சொல்ல வருவது மாதிரி இருக்கிறது.

என் முதல் தலைச்சுழற்சி ஏற்பாடு மட்டமானது. மலிவான பேரிங், ரப்பர் சக்கரம் உரசிச் சுற்றுகிற முறை. திரும்பும், ஆனால் கரகரவென்று அரைக்கும், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் உதறி நிற்கும். பார்த்தால் பழுதான இயந்திரம் மாதிரி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நல்ல வட்டத்தட்டு பேரிங் ஒன்றும் பல்சக்கரம் உள்ள மோட்டாரும் வாங்கினேன், கூடுதலாக 130 பவுண்டு ஆனது. கூடவே ஒரு ஸ்லிப் ரிங். தலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்ளே போகும் மின்கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இது வேண்டும், இல்லையென்றால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திரும்ப விடாமல் நிரலில் தடை போட வேண்டியிருக்கும். இதை மாற்றிய நாளன்று கன்ட்ரோலரின் குச்சியை லேசாகத் தொட்டேன், தலை சத்தமே இல்லாமல் கால் சுற்றுத் திரும்பி நின்றது. ஒரு நொடி விட்டு மறுபடி கொஞ்சமாக என் பக்கம். கராஜில் நான் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் அந்த நொடியில் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை.

விளக்குகளையும் விட்டுவிடாதீர்கள். முன்னால் இருக்கும் வட்ட விளக்கு சிவப்புக்கும் நீலத்துக்கும் மாறும், பின்னால் இருப்பது பச்சைக்கும் மஞ்சளுக்கும். சீராக மாறினால் போக்குவரத்து சிக்னல் மாதிரி இருக்கும். ஒழுங்கில்லாத இடைவெளியில் மாறும்படி நிரலில் வையுங்கள், அப்போதுதான் உள்ளே ஏதோ யோசனை ஓடுவது மாதிரி இருக்கும். ஒலிக்கு ஒரு சின்ன எம்பி3 பலகை, 20 வாட் ஆம்ப்ளிஃபையர், முன்புறக் காற்றுத் துவாரங்களுக்குப் பின்னால் ஸ்பீக்கர். முதலில் மலிவான சின்ன ஸ்பீக்கர் போட்டேன், கொசுக் குரல். அதற்குப் பதிலாகக் கார் கதவில் மாட்டுகிற வகை ஸ்பீக்கர் ஒன்றை வைத்து, பின்னால் பெட்டி கட்டிப் பஞ்சு அடைத்ததும் குரலுக்கு வயிறு வந்தது. இந்தத் தலை, விளக்கு, ஒலி மூன்றுக்கும் சேர்த்துச் செலவான பணத்தில் ஒரு பென்ஸுக்குக்கூட நான் வருந்தவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வந்த முதல் வாரம் முழுக்க, "இவ்ளோ பெரிய குப்பைத்தொட்டி எதுக்குடா" என்று கேட்டுக்கொண்டிருந்தார், அப்போது அது பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிற பிரைமரில் நின்றது. தலை மாற்றியபின் ஒரு மாலை, அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டு ஆர்2-வை மெல்ல ஓட்டி அவர் முன்னால் நிறுத்தி, தலையைக் கீரைத் தட்டின் பக்கம் திருப்பி, அந்தக் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும் 'பீப்'பை ஒலிக்கவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையே பார்த்து, "என்னப்பா வேணும் உனக்கு?" என்றார். படம் தெரியாது, கதை தெரியாது. தலை திரும்பியது, குரல் கேட்டது, பதில் சொல்லிவிட்டார்.

இப்போது மூன்றாவது கால். கட்டுகிறவர்களில் பலருடைய கனவு, ரோபோ இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, பிறகு நடுக்கால் தானாக இறங்கி உடல் பின்னால் சாய்ந்து மூன்று காலில் ஓடுவது. நானும் அதற்கான நேர்கோட்டு ஆக்சுவேட்டரை, அதாவது நேராக நீண்டு சுருங்கும் மோட்டார் தண்டை, ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டேன். நான்கு மாத வேலை, 260 பவுண்டு. சாய்கிற நேரத்தில் எடை முழுக்கத் தோள்பட்டை அச்சில் விழுகிறது, நடுக்கால் தரையைத் தொடுவதற்குள் உடல் சாய்ந்துவிட்டால் 38 கிலோவும் முன்னாலோ பின்னாலோ கவிழும். இரண்டு முறை கவிழப்போனதைத் தோள் கொடுத்துப் பிடித்தேன். அதன் பிறகு அந்த ஏற்பாட்டைக் கழற்றி மூன்று காலில் நிலையாகப் பூட்டிவிட்டேன். முதல் படத்திலேயே இரண்டு காலில் நின்றது ஒரு ரோபோ, மூன்று காலில் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடியது வேறு ரோபோ, நாம் பார்த்த திரையில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. என் மகளின் பள்ளி விழாவில் சுமார் இருநூறு குழந்தைகள் இதோடு படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தர்கூட மூன்றாவது கால் மடங்குமா என்று கேட்கவில்லை. "என்னைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

குழந்தைகள் நடுவே கொண்டுபோவதாக இருந்தால் பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். பின்பக்கம் கை எட்டுகிற இடத்தில் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் தொடர்பு அறுந்தால் சக்கரம் தானாக நின்றுவிடுகிறதா என்று வீட்டிலேயே இருபது முப்பது முறை சோதித்த பிறகுதான் வெளியே எடுத்தேன். நிரலில் வேகத்துக்கு உச்சவரம்பு போட்டு மனிதர் மெதுவாக நடக்கிற வேகத்தில் வைத்திருக்கிறேன். பாதத்தின் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சின்ன விரல் நுழையாத அளவு ரப்பர் ஓரம் ஒட்டியிருக்கிறேன்.

மொத்தச் செலவு, வீணானது உட்பட, 2,400 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், பிரிண்டர் ஏற்கெனவே இருந்தது. வீணானதில் பெரிய பங்கு நடுக்கால், ஈரப் பிளாஸ்டிக், புகைந்த பலகை. இன்று மறுபடி ஆரம்பித்தால் 1,900-க்குள் முடிப்பேன். பேட்ரியான் சந்தா இதில் ஒரு மூலைக்குக்கூட வராது. கட்டி முடித்தபின் இதை விற்று லாபம் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. உருவம் லூகாஸ்ஃபிலிமுடையது, கட்டுகிறவர்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்கும் தொண்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதால்தான் இந்தப் பொழுதுபோக்கு இத்தனை வருடம் தடையில்லாமல் நடக்கிறது. அதை யாரும் கெடுத்துவிடக் கூடாது.

கடையில் தவணை முறையில் பாகம் பாகமாக வந்த ஆர்2 கிட் ஒன்றும் உண்டு, டிஅகோஸ்டினி வெளியிட்டது, ஆனால் அது பாதி அளவு. மேசை மேல் வைக்க நினைப்பவர்களுக்கு அது பொருத்தம். இடுப்பு உயரத்தில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு முழு அளவுதான் சரி.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? வார இறுதியில் நாலு மணி நேரம் உப்புத்தாளோடு உட்காரப் பொறுமை உள்ளவர்களுக்கு. மின்கம்பி, நிரல் எல்லாம் கற்றுக்கொள்ளலாம், எனக்கும் ஆரம்பத்தில் சால்டரிங் சரியாக வராது. தேய்க்கிற பொறுமை இல்லையென்றால் சந்தா கட்டுவதற்கு முன் தலையின் ஒரே ஒரு பலகையை மட்டும் நண்பர் யாரிடமாவது அடித்து வாங்கி, கண்ணாடி மாதிரி ஆகும் வரை தேய்த்துப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மீதியும் பிடிக்கும். ஆரம்பிக்கிறவர்கள் பேரிங்கையும் ஸ்லிப் ரிங்கையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள், எந்த அளவு எனக்குப் பொருந்தியது என்று கேட்டால் சொல்கிறேன். கழற்றிய ஆக்சுவேட்டர் புதிது போலப் பரணில் இருக்கிறது, லண்டன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.